சொந்த வீடு: ஓய்வுக் கடிதம் வருவதற்கு முன்



சென்ற மாதம் எங்கள் தோட்டத்து ஆபீசில் ஒரு கடிதம் தயார் செய்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒருவருக்கு வயது 60 நிறைந்துவிட்டது. மூன்று மாதத்திற்குள் லயத்து வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும் என்பதே அக்கடிதத்தின் சாரம். கையொப்பமிட்டவர் துரை, கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, மூணு மாசத்துல ஒரு வீட்டக் கட்டி முடிச்சிட முடியுமா?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை.

விடை இதுதான்: மூன்று மாதத்தில் முடியாது, முப்பத்து நான்கு ஆண்டுகளில் முடிந்திருக்கும். ஆனால் குற்றம் அவருடையது மட்டுமா? அன்று. சம்பளம், போனஸ், லீவு என்று மேடைதோறும் முழங்குகிற நாம், வீட்டைப் பற்றி அந்த அளவுக்குப் பேசினோமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

லயத்து வீடு நமக்குக் கிடைத்த பரிசல்ல; உழைப்பின் கூலியில் ஒரு பகுதி. ஆனால் உழைப்பு நிற்கும் நாளில் அந்தக் கூலியும் நின்றுவிடுகிறது. தொழிலாளருக்குத் தரும் வீடு எப்படி இருக்கவேண்டும் என்று 1966-ஆம் ஆண்டிலும், பிறகு 1990-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வந்தன. தண்ணீர், கழிப்பறை, இடவசதி ஆகியவற்றுக்கு அவை வழி செய்தன, வரவேற்போம். ஆயினும் அவை வேலையில் இருப்பவனின் வீட்டைப் பற்றிய சட்டங்கள். வேலை முடிந்தவன் எங்கே போய்ப் படுப்பான் என்ற கேள்விக்கு விடையை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்றார்கள் முன்னோர். வளை நம்முடையதுதானா என்று முதலில் பார்க்கவேண்டும் என்பதை நான் சேர்த்துச் சொல்லுகிறேன். அதற்குக் காரணம் என் தகப்பனார்.

அவர் 2008-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். கையில் இருந்த பணத்தை ஒரு தரகரிடம் கொடுத்து ஒரு துண்டு நிலம் "வாங்கினார்". கையில் கிடைத்தது முத்திரை ஒட்டிய ஒரு காகிதம். பலகை வீடு எழுந்தது, முற்றத்தில் முருங்கை வைத்தோம், மாரியம்மனுக்குப் பொங்கலிட்டோம். எட்டு ஆண்டுகள் கழித்து நோட்டீஸ் வந்தது. கிராண்டில் இருந்த பெயர் வேறொருவருடையது! இழப்பீடாக ஒரு காசும் வரவில்லை. வீட்டைப் பிரித்தபோது பலகைகளை எண்ணி அடுக்கிய என் தகப்பனாரின் முகம் இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

எனவே முதற்பாடம்: கல்லுக்கு முன் கிராண்டு. நம் நாட்டில் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, பதிவேட்டில் யார் பெயர் ஏறியிருக்கிறதோ அவரே சொந்தக்காரர். தரகரின் ரசீதும் தலைவரின் வாக்குறுதியும் பட்டாவாகமாட்டா. நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி எவரும் தேடிப் பார்க்கலாம். பெயர் யாருடையது? அடமானம் உண்டா? தடைமனு உண்டா? விவசாய நிலமா, கட்டட நிலமா? குத்தகை நிலமானால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்? இந்த ஐந்து கேள்விக்கும் விடை தெரியாமல் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். ஒரே கிராண்டில் பலர் பெயர் இருக்கும் பங்கு நிலமானால் இருமடங்கு எச்சரிக்கை தேவை. எந்த மூலை யாருடையது என்று அந்தக் கிராண்டு சொல்லாது.

தற்காலிகக் குடியிருப்பு உரிமம், அதாவது டி.ஓ.எல்., வைத்திருப்போர் பலர் அதனைப் பட்டா என்றே நம்புகின்றனர். அந்த உரிமம் ஆண்டு முடிவோடு முடிவது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. அதை விற்க முடியாது. பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. உரிமம் பெற்றவர் கண்மூடினால் அதுவும் மூடும். பினாங்கில் கம்போங் புவா பாலா மக்கள் பல தலைமுறை வாழ்ந்தவர்கள். நீதிமன்றப் படிகளில் ஏறியும், 2009-ஆம் ஆண்டில் அவர்கள் வீடுகள் இடிக்கப்பட்டதை நாடே பார்த்தது. நீண்ட நாள் வாழ்ந்தோம் என்பது நெஞ்சுக்கு உரிமை. பதிவேட்டுக்கு அது உரிமையாகாது.

இரண்டாம் பாடம் மண். தகப்பனாருக்கு நேர்ந்ததை நெஞ்சில் வைத்துக்கொண்டு, செமோரில் நான் கிராண்டு பார்த்தே நிலம் வாங்கினேன். ஆனால் மண்ணைப் பார்க்கவில்லை. நமது கிந்தா பள்ளத்தாக்கு உலகுக்கே ஈயம் கொடுத்த பூமி. தோண்டிய குழிகளில் பல மணலாலும் சேற்றாலும் நிரம்பிக் கிடக்கின்றன. மேலே புல் முளைத்தால் எல்லாம் ஒரே தரையாகத்தான் தெரியும். என் சமையலறைப் பகுதி அப்படி நிரப்பிய ஒரு குழியின் ஓரத்தில் அமைந்துவிட்டது. முதல் மழைக்காலத்திலேயே சுவரில் விரல் நுழையும் வெடிப்பு! இடித்து, ஆழமாக அடித்தளம் போட்டு மறுபடியும் கட்டினேன். பழைய ஆட்களிடம் "இங்கே முன்பு என்ன இருந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும். அக்கம்பக்கத்துச் சுவர்களைப் பாருங்கள்; பலத்த மழை பெய்த மாலையில் போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை.

மூன்றாம் பாடம் குத்தகைக்காரர். தெரிந்தவர் என்று நம்பிப் பாதிப் பணத்தை முன்னதாகவே கொடுத்தேன். சுவர் சன்னல் உயரம் எழுந்தது. பிறகு ஆள் வரவில்லை. நான்கு மாதம் என் வரவேற்பறையில் லாலான் புல்தான் வரவேற்றது! தெரிந்தவர் ஆனாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அடித்தளத்திற்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை கையில் வையுங்கள். நின்றுபோன வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சிமெண்டு குழைத்து முன்னே நகர்த்தியவர்கள் நம் சங்கத் தோழர்கள். அந்தக் கோத்தோங்-ரோயோங்கை நான் மறவேன்.

வரைபடத்துக்கு மன்றத்தின் அனுமதி பெறுவதைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். 1984-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் முதல் அறைக்குக் குறைந்தது 11 சதுர மீட்டர் வேண்டும் என்கின்றன. தரையளவில் பத்தில் ஒரு பங்கு சன்னல் வேண்டும் என்கின்றன. லயத்து இருட்டறையில் புகை குடித்து வளர்ந்த நமக்கு இது தொல்லையா, விடுதலையா?

இனிப் பணம். இங்கேதான் பலர் மலைத்துப் போகிறார்கள். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. தொழிலாளி 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் செலுத்தினால், சேமநிதியில் மாதம் 408 வெள்ளி சேரும். 2024-ஆம் ஆண்டு மே மாத மாற்றத்தின்படி அதில் 15 விழுக்காடு, ஏறக்குறைய 61 வெள்ளி, செஜாத்ரா கணக்கில் விழுகிறது. வீடு வாங்கவோ கட்டவோ எடுக்கக்கூடிய கணக்கு அதுதான். இருபது ஆண்டில், லாப ஈவு சேராமல், 14,600 வெள்ளிக்குச் சற்று மேல். கணவனும் மனைவியும் சேர்ந்தால் இருமடங்கு. முழு வீட்டுக்கு இது போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்பணமாகும். ஐம்பத்தெட்டு வயதில் நினைத்தால் வட்டிக்காரன்தான் கதி. முப்பது வயதில் நினைத்தால் வழி உண்டு.

தனி ஆளால் ஆகாததைக் கூட்டத்தால் ஆக்கலாம் என்பதற்கு நம் பக்கத்து ஊரே சாட்சி. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வந்த காலத்தில், சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த துன் சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகப் பால்வெட்டுத் தொழிலாளி கொடுத்த பணம் தோட்டங்களையே வாங்கியது! ஏழை சேர்ந்தால் நிலம் வாங்க முடியும் என்று காட்டிய செயல் அது.

ஆகவே என் கோரிக்கை இது. ஒவ்வொரு கிளையும், நாற்பது வயதைக் கடந்தும் சொந்த வீடில்லாத உறுப்பினர்களின் பட்டியலை இந்த ஆண்டே எடுக்கட்டும். நிலம் வாங்கப் போகிறவருடன் படித்த இருவர் நில அலுவலகம்வரை துணைபோகட்டும். தோட்ட நிலம் வீடமைப்புக்கு விற்கப்படும்போது, அங்கே உழைத்தவர்களுக்கு அவரவர் பெயரில் கிராண்டுடன் மனை ஒதுக்கவேண்டும் என்பதைப் பேச்சுவார்த்தை மேசையில் முதல் வரியாக வைப்போம். இழப்பீட்டுப் பணம் கரைந்துவிடும்; மனை கரையாது.

அந்தப் பெரியவர் இப்போது மகள் வீட்டு முன்கூடத்தில் படுத்திருக்கிறார். அவருக்கு விடை சொல்ல எனக்கு நேரம் இல்லாமற்போயிற்று. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அடுத்த கடிதத்தையும் தயார் செய்யப்போகிறவன் நான்தான், தோழர்களே! அதை நான் கொண்டுவரும் நாளில், "இந்தாப்பா சாவி, என் வீட்டுக்குப் போகிறேன்" என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்லவேண்டும்.