பக்கவாதம்: சேத்தியாத்தோப்பிலிருந்து கேத் லேப் எவ்வளவு தூரம்?

சிதம்பரத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவே இருக்கிறது சேத்தியாத்தோப்பு. அங்கே ஒருவருக்குத் திடீரென வாய் கோணி, ஒரு கை துவண்டு, பேச்சு குழறினால், அந்த நொடியிலிருந்தே நேரம் ஓட ஆரம்பிச்சாச்சு. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழியும்.

என்ன சிகிச்சை?

நாலரை மணி நேரத்துக்குள் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் ஊசி மட்டும் பல நேரம் போதாது. தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, கட்டியை வெளியே எடுக்க வேண்டும். இதுதான் த்ராம்பெக்டமி. 2015-ல் ஐந்து ஆய்வுகள் இதன் பலனை உறுதி செய்தன. ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடப் பலன் உண்டு என்று 2018-ல் தெரியவந்தது.

அப்புறம் என்ன சிக்கல்?

மெஷின் வாங்குவதைவிட ஆள் உருவாக்குவது கஷ்டம். எம்.டி. முடித்த பிறகும் பல வருடப் பயிற்சி தேவை. ஒரே ஒரு நிபுணர்தான் என்றால், அவர் லீவு போட்டால் சேவையே நின்னுடும். கேஸ்கள் குறைவாக வரும் இடத்தில் கைத்திறனும் மங்கும். அதனால் ஊருக்கு ஒரு கேத் லேப் என்பது தீர்வாகாது.

பணக்கார நாடுகளுக்கு மட்டும்தானா?

இல்லை. பிரேசிலின் அரசு மருத்துவமனைகளில் 221 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. அங்கும் த்ராம்பெக்டமி செய்தவர்களுக்கு ஊனம் குறைந்தது.

நம்ம பக்கம் என்ன செய்யலாம்?

இமாச்சலப் பிரதேசம் ஒரு வழி காட்டியது. சி.டி. ஸ்கேன் உள்ள மாவட்ட மருத்துவமனை டாக்டர்கள், நரம்பியல் நிபுணரிடம் போனில் கேட்டு ஊசி போட்டார்கள். தமிழ்நாட்டின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்திலும் பக்கவாதம் இடம்பெற்றிருக்கிறது. சிதம்பரத்தில் பழைய ராஜா முத்தையா கல்லூரி இப்போது அரசு மருத்துவக் கல்லூரி. இப்படிப்பட்ட இடத்தில் ஸ்கேனும் ஊசியும், தேவைப்பட்டால் உடனே பெரிய மையத்துக்கு மாற்றலும் என்ற சங்கிலி ராத்திரியிலும் அறுபடாமல் இருக்க வேண்டும்.

வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் இதை வீட்டில் சொல்லி வைக்கலாம்: அறிகுறி தெரிந்ததும் 108, கடைசியாக நல்லா இருந்த நேரத்தைக் குறித்து வையுங்கள், சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்தில் காத்திருக்க வேண்டாம்.