கொழுப்பு என்ன சர்க்கரையா, கரைவதற்கு?

விடிந்ததும் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும். மதியம் கொள்ளு ரசம். கல்யாண வீட்டில் பிரியாணி தின்றுவிட்டால் மேலே இன்னொரு தம்ளர் வெந்நீர். கேட்டால், "கொழுப்பைக் கரைக்குது" என்பார்கள். சுடுநீர் ஊற்றினால் எண்ணெய்ச் சட்டியின் பிசுக்குப் போகிறதே, வயிறும் அப்படித்தானே என்று கணக்கு.

சட்டிக்குச் சரி, வயிற்றுக்குத் தப்பு. குடித்த வெந்நீர் சிறிது நேரத்தில் 37 டிகிரிக்கு இறங்கிவிடும். தொப்பைக் கொழுப்போ செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. தண்ணீர் அங்கே போய் அலசாது.

உடம்பு கொழுப்பைக் கரைப்பதில்லை, வெட்டுகிறது. குடலில் வெட்டும் கத்தி, கணையம் சுரக்கும் லைபேஸ் நொதி. அந்த நொதியை உருவாக்கும் மரபணு 10ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக்கித் தர, லைபேஸ் வெட்டுகிறது. எதற்கு? உள்ளே எடுத்துக்கொள்ளத்தான். டிரைகிளிசரைடு எனப்படும் முழுக் கொழுப்பு மூலக்கூறு குடல் சுவரைத் தாண்டாது. துண்டுகள் தாண்டுகின்றன, அப்பால் மீண்டும் ஒட்டப்பட்டு, கைலோமைக்ரான் என்னும் பொட்டலங்களாக நிணநீர் வழியே ரத்தத்தில் கலக்கின்றன.

ஆக, கொழுப்பு நன்றாகச் செரித்தால் உடம்பில் சேரும். எடை குறைக்கத் தரப்படும் ஆர்லிஸ்டாட் மருந்து லைபேஸை முடக்கியே வேலை செய்கிறது. தின்ற கொழுப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு செரிக்காமல் வெளியேறும். 'கொழுப்பைச் செரிக்கவைத்து எடையைக் குறைக்கும்' என்று பொடி விற்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

அந்தப் பொட்டலங்களின் கொழுப்பை வெட்ட ரத்தக்குழாய்ச் சுவரில் இன்னொரு கத்தி காத்திருக்கிறது: லிப்போபுரோட்டீன் லைபேஸ். இதன் மரபணு 8ஆம் குரோமோசோமில். அதன் இரு பிரதிகளும் பழுதாகப் பிறந்த சிலருக்கு ரத்தம் பால்போல் வெளுக்கும், கணையம் அழலும். வெந்நீரில் தீருகிற நோயா அது? அவர்களுக்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் கிளைபெரா என்ற மரபணு சிகிச்சைக்கு ஒப்புதல் தந்தது. பத்து லட்சம் யூரோ அளவு விலை. வாங்குவோர் மிக அரிதாகி 2017இல் நின்றுபோனது.

நமக்கு அந்தக் கத்தி நன்றாகவே இருக்கிறது. வெட்டிய கொழுப்பு எங்கே போகிறது என்பதே கேள்வி. உண்டதும் இன்சுலின் ஏற, கொழுப்புத் திசுவில் இந்த நொதி கூடும். கொழுப்பு அங்கே சேரும். தசை உழைத்தால் தசையில் கூடும். கொழுப்பு அங்கே எரியும்.

வெந்நீரால் இளைத்தவர் இல்லையா? இருக்கலாம், சர்க்கரைக் காபியை விட்டுவிட்டு அதைக் குடித்திருப்பார். ஆனால் ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் உண்டு. அது கொழுப்பைக் குறைக்க வந்ததல்ல, கூடச் சேர வந்தது.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்றார்கள். குதிரை கொள்ளு தின்றதை மட்டும் பார்த்துவிட்டோம். தின்றுவிட்டு அது ஓடியதைப் பார்க்கவில்லை.