பூமிக்கடியில் ஒரு ரயில் வரைபடம்

சென்ற மாதம் ஒரு மாலை, தாராவியில் நம் அடுத்த வீட்டு அம்மையார் மூச்சிரைக்க வந்தார். “தம்பி, வருகிற செவ்வாய்க்கிழமை இரவு 2 மணிக்குப் பம்பாயில் பூகம்பமாம், கைபேசியில் செய்தி வந்திருக்கிறது. மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பவேண்டும். திருநெல்வேலிக்கு நான்கு சீட்டு எடுத்துக் கொடு” என்றார். பிள்ளைகளுக்கோ பரீட்சை நேரம். ரயில்வே குமாஸ்தாவிடம் சீட்டுக்கு வருவார்களேயன்றிப் பூகம்ப சாஸ்திரத்திற்கு எவரும் வருவதில்லை. ஆயினும் அன்று அதையே பேச நேர்ந்தது.

அம்மையாரின் அச்சம் நகைப்பிற்குரியதன்று. 1967 டிசம்பர் 11 விடியற்காலையில், நம் மகாராஷ்டிரத்துக் கொய்னாவில் 6.3 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்து, ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். அதிர்ச்சி பம்பாய் வரை உணரப்பட்டது. கொய்னா மின்சாரம் தடைப்பட்டு இந்நகரத்து ஆலைகளும் தடுமாறின. அணையில் தேக்கிய நீரின் பாரமும், பாறைப் பிளவுகளில் அந்நீர் இறங்கி உண்டாக்கிய அழுத்தமுமே அதைத் தூண்டின என்பது விஞ்ஞானிகள் பலரின் முடிபு. அங்கே நடுக்கங்கள் இன்னும் ஓயவில்லை.

இத்தகைய நடுக்கங்களின் போக்கை அறிய ஒரு புதுமுறை உண்டு. 2004-இல் ஜப்பானிய அறிஞர்களான சுமியோஷி அபே, நொரிகாசு சுசுகி இருவரும் தென் கலிபோர்னியா, ஜப்பான் ஆகிய பகுதிகளின் பூகம்பப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டனர். நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்தனர். நடுக்கம் நிகழ்ந்த கட்டம் ஒவ்வொன்றையும் ஒரு நிலையமாகக் கொண்டு, அதிலிருந்து அடுத்த நடுக்கம் எங்கே நிகழ்ந்ததோ அங்கே ஒரு கோடு இழுத்தனர். மனிதர் உணராத சிறு நடுக்கங்களும் இக்கணக்கில் சேரும். ஆயிரக்கணக்கான கோடுகள் சேர்ந்தபின் பார்த்தால், நம் ரயில் வரைபடம் போன்றதொரு வலை! செம்பூரைப் போலச் சில தடங்களே உள்ள கட்டங்கள் மிகப் பல. தாதரைப் போலவும் குர்லாவைப் போலவும் பல தடங்கள் கூடும் சந்திப்புகள் மிகச் சில. பெரும் பூகம்பம் நிகழ்ந்த கட்டமே பெரும்பாலும் அத்தகைய சந்திப்பாகிறது. பின்னதிர்வுகள் அங்கேயே திரும்பத் திரும்ப வருவதே காரணம்.

அப்படியானால் முன்கூட்டியே சொல்லலாமே என்று நேயர்கள் கேட்கக்கூடும். அம்மையாரும் அதையே கேட்டார். அவ்வறிஞர்கள் வலையின் பின்னல் நெருக்கத்தையும் அளந்து பார்த்தனர். பெரும் பூகம்பத்திற்கு முன்னர் அது ஒரே நிலையில் நின்றது. பூகம்பத்தின்போது திடீரென்று உயர்ந்து, பின்னர் மெல்லத் தணிந்தது. வரைபடம் கிடைத்ததேயன்றிக் கால அட்டவணை கிடைக்கவில்லை. நாளும் மணியும் குறித்து எவரேனும் செய்தி அனுப்பினால் அது பொய்யே என்றோம்.

அம்மையார் சிறிது யோசித்தார். “நாள் தெரியாதென்றால், என்றைக்கும் வரலாம் என்றுதானே பொருள்?” என்றார். ஆம் என்றோம். சீட்டு வேண்டாமென்று சொல்லி, பேரப்பிள்ளைகள் உறங்கும் இடத்திற்கு நேர்மேலே பரணில் இருந்த பித்தளை அண்டாவை இறக்கித் தரச் சொன்னார். இறக்கினோம், நல்ல கனம்.