முகத்துக்கு பேக் போடுறீங்களா? எலுமிச்சையை ஊறுகாய்க்கே விட்டுடுங்க!

கல்யாண சீஸன் வந்தாலே, 'ஒரே வாரத்துல முகம் பளிச்னு ஆக என்ன பேக் போடலாம்?' என்ற கேள்வியும் வந்துவிடும். பதிலும் எல்லோரிடமும் தயாராக இருக்கும். கடலை மாவு, தயிர், மஞ்சள், கூடவே அரை மூடி எலுமிச்சைச் சாறு. 'சாப்பிடுற பொருள்தானே, முகத்தை என்ன பண்ணிடப் போகுது?' என்று நினைக்கிறோம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் சருமத்துக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது தோழிகளே. மிளகாயும் சாப்பிடுற பொருள்தான்!

எரிந்தால் கறுக்கும்

நம்மைப் போன்ற மாநிற, கறுப்புச் சருமத்துக்கு ஒரு குணம் உண்டு. எரிச்சலோ, புண்ணோ எது வந்தாலும், அது ஆறிய பிறகு அந்த இடம் கறுத்துவிடும். பரு போன பிறகும் அதன் அடையாளம் மாதக்கணக்கில் நிற்பது இதனால்தான். ஆகவே, 'லேசா எரிஞ்சாதான் பேக் வேலை செய்யுதுன்னு அர்த்தம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறம் கூட வேண்டும் என்று போடும் பேக்கே எரிச்சலைக் கொடுத்தால், கடைசியில் மிஞ்சுவது கருமைதான்.

நம் சருமத்தின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஹெச் அளவு சுமார் 5. எலுமிச்சைச் சாறு சுமார் 2. அதாவது பல நூறு மடங்கு அதிக அமிலம். சமையல் சோடா இதற்கு நேர் எதிர், காரத்தன்மை உள்ளது. இரண்டுமே சருமத்தின் பாதுகாப்புப் படலத்தைக் கெடுக்கும். எலுமிச்சையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் சிவந்து, சிலருக்குக் கொப்புளமே வரும். உடனே தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். அதனால், காரணம் எலுமிச்சை என்று யாருக்கும் தோன்றாது. பருவின் மேல் பூண்டு, கிராம்பு, டூத்பேஸ்ட் வைப்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

யாருக்கு எது?

எண்ணெய் வழியும் முகத்துக்கு முல்தானி மிட்டி நல்லது. ரோஸ் வாட்டரிலோ வெறும் தண்ணீரிலோ குழைத்து வாரம் ஒரு முறை போட்டால் போதும். வறண்ட சருமத்துக்கு அது வேண்டாம். கற்றாழை ஜெல், தேன், தயிர் போன்றவை போதும். சென்சிட்டிவ் சருமம் என்றால் வாசனை சேர்த்த எதுவும் வேண்டாம். பருவுக்கு அடாபலீன், ட்ரெட்டினாயின், பென்ஸாயில் பெராக்ஸைடு போன்ற மருந்துகளைப் பூசுபவர்கள், டாக்டரைக் கேட்காமல் எந்த பேக்கும் போடாதீர்கள்.

போடும் முறை

* புதிய பேக்கை முதலில் முன்கையின் உள்பக்கம் சிறிதளவு தடவி, 15 நிமிடம் கழித்துக் கழுவுங்கள். இரண்டு நாள் வரை அரிப்போ, சிவப்போ இல்லை என்றால் முகத்துக்குப் போடலாம்.

* கண்களைச் சுற்றியும் உதட்டிலும் தடவ வேண்டாம். த்ரெடிங், வாக்ஸிங், ப்ளீச் செய்த அன்று பேக் கூடாது.

* 10 முதல் 15 நிமிடம் போதும். முல்தானி மிட்டி பாளம் பாளமாக வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஓரம் காய ஆரம்பிக்கும்போதே தண்ணீரில் நனைத்து, ஊறிய பிறகு கழுவுங்கள். காய்ந்த மாவைத் தேய்த்து உதிர்ப்பதும் ஒருவகை எரிச்சல்தான்.

* கழுவிய ஈரத்தோடு மாய்ஸ்சரைஸர் தடவுங்கள். பகலில் வெளியே போனால் எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீன் அவசியம்.

* மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் போடாதீர்கள். தயிரும் பழமும் கலந்த விழுதில் கிருமிகள் வேகமாக வளரும்.

கடையில் வாங்கும் ஷீட் மாஸ்க்கையும் 15, 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். முகத்திலேயே காயவிட்டால் வறட்சிதான் மிஞ்சும். உரித்தெடுக்கும் கரி மாஸ்க், கரும்புள்ளியோடு பூனை முடியையும் மேல்தோலையும் சேர்த்தே இழுத்துவிடும். அது வேண்டவே வேண்டாம்.

எரிந்துவிட்டால்..?

உடனே நிறைய குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஐஸ்கட்டியை நேரடியாகத் தேய்க்காதீர்கள், மஞ்சளும் பூசாதீர்கள். வாசனையில்லாத மாய்ஸ்சரைஸரோ பெட்ரோலியம் ஜெல்லியோ போதும். சில நாளைக்கு வெயிலைத் தவிருங்கள். கொப்புளம் வந்தாலோ, எரிச்சல் அடங்காவிட்டாலோ சரும மருத்துவரைப் பாருங்கள். முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பேக்கால் எண்ணெய்ப் பசை குறையும், மேல்தோல் மிருதுவாகும், கொஞ்ச நேரம் பொலிவு தெரியும். அவ்வளவுதான். பிறவி நிறத்தை அது மாற்றாது. மங்கு, தீராத பரு இவற்றையும் குணமாக்காது. கல்யாணப் பெண்கள் புதிதாக எதையாவது முயற்சி செய்வதென்றால், ஒரு மாதம் முன்பே செய்து பாருங்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய வாரத்தில், ஏற்கெனவே ஒத்துக்கொண்ட பேக் மட்டும் போதும். பக்கத்து வீட்டு அக்கா எவ்வளவு ஆசையாகக் குழைத்துக் கொடுத்தாலும், 'கல்யாணம் முடியட்டும் அக்கா' என்று சிரித்தபடி சொல்லிவிடுங்கள்!