பார்த்ததை எழுதி வைத்தல்

பாலுக்கு நாட்காட்டியில் கோடு கிழிக்கும் வழக்கம் தமிழர் இல்லங்களில் இன்றும் உண்டு. சலவைக்குப் போடும் துணிக்குச் சீட்டு உண்டு. மளிகைக் கடை நிலுவைக்குச் சிறு குறிப்பேடு உண்டு. மொய்ப் பணத்துக்கோ தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படும் பேரேடே உண்டு. ஐம்பது ஆண்டுக்கு முன் தாத்தன் திருமணத்தில் எவ்வூரார் எவர் எத்தனை உருபா எழுதினார் என்பதைப் பேரன் இன்று ஏட்டைப் புரட்டிக் காட்டிவிடுவான். ஆனால் அதே பேரனை ஆண்டின் இறுதி நாளில் நிறுத்தி, "இவ்வாண்டில் நீ பார்த்த திரைப்படங்கள் எத்தனை? அவை யாவை? அவற்றை எழுதியவர் எவர்? அவற்றால் நீ பெற்றது என்ன?" என்று கேட்டால், அவன் விழிப்பான். நடிகர் இருவர் பெயரைச் சொல்லுவான்; பாட்டு ஒன்றின் தொடக்கத்தை முணுமுணுப்பான்; எஞ்சியவை எங்கே போயின என்று அவனுக்கே தெரியாது.

கையிலிருந்து போகும் காசுக்குக் கணக்கு வைக்கும் ஓரினம், கண்வழியும் செவிவழியும் உள்ளத்துக்குள் புகுவதற்குக் கணக்கு வைக்காதிருப்பது எவ்வகை அறிவுடைமை?

கணக்கு எளியதே. கிழமைக்கு ஒரு படம் பார்ப்பவன் ஆண்டுக்கு 52 படங்கள் பார்க்கிறான். படம் ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம் என்று கொண்டால் 130 மணி நேரம் ஆகிறது. நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால், ஏறத்தாழ 22 பள்ளி நாள்களை அவன் திரையின் முன் கழித்திருக்கிறான். மணிக்கு 15 பக்கம் என மிக மெல்லப் படிப்பவனும் அந்நேரத்தில் 1,950 பக்கங்களைப் படித்து முடித்துவிடுவான். இது கிழமைக்கு ஒன்றே பார்ப்பவனுடைய கணக்கு. கைப்பேசியிலும் வீட்டுத் திரையிலும் நாள்தோறும் பார்ப்பவனுடைய கணக்கை அவனவனே போட்டுக் கொள்க.

இதனைச் சொல்வது திரைப்படம் பார்த்தலையே ஒழித்தல் வேண்டும் என்பதற்காக அன்று. அங்ஙனம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர் பலர். கேட்டு ஓய்ந்தவர் எவருமிலர். கூத்தும் இசையும் இயலோடு சேர்ந்தே முத்தமிழ் ஆயின. திரை அவற்றின் புதிய மேடை. பார்க்க விரும்புவோர் பார்க்கட்டும். ஆனால், பார்த்ததை எழுதி வைக்கட்டும். ஓராண்டு முழுதும், ஒன்றையும் விடாமல், ஒரே ஏட்டில் எழுதி வைக்கட்டும். எழுதுபவன் படத்தைப் பார்க்கிறான். எழுதாதவனைப் படம் இழுத்துச் செல்கிறது.

கலையைப் பதிந்து வைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று, அங்கு ஆடல் பாடலுக்கென்று அமர்த்தப்பெற்ற தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரைப் பெயர் பெயராகக் கூறுகிறது. இன்னவள் இன்ன ஊரிலிருந்து வந்தவள், இன்ன தெருவில் இன்ன சிறகில் இத்தனையாம் வீட்டில் வாழ்பவள் என்று ஒவ்வொருத்திக்கும் கல்லில் இடம் தரப்பட்டுள்ளது. பங்கு ஒன்றுக்கு நெல் 100 கலம் என்னும் அளவும் அதில் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆடியவள் எந்த வீட்டில் இருந்தாள் என்பது இன்று தெரிகிறது. கரணியம், ஒருவர் எழுதச் சொன்னார், ஒருவர் எழுதினார் என்பதே.

பின்னாளில் புதுச்சேரியில் ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அந்நாளைய கலப்பு நடையில்தான் எழுதினார்; ஆயினும் தமிழில் எழுதினார். கப்பல் வந்ததும் போனதும், ஆளுநர் சொன்னதும், சரக்கின் விலையும், ஊர்ப்பேச்சும் அதில் நிறைந்துள்ளன. 'இவற்றையெல்லாம் எழுதுவானேன்?' என்று அன்றைக்கு எவரேனும் எண்ணியிருக்கலாம். இன்றோ அக்காலத் தென்னாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் அவ்வேட்டைத் தொடாமல் எழுத இயலாது.

இத்தகைய மரபினர் திரைப்படத்தின் செய்தியில் செய்தது என்ன? நடராச முதலியார் 1910-களின் பிற்பகுதியில் சென்னையில் எடுத்த 'கீசகவதம்' தென்னாட்டின் முதற் பேசாப் படம் எனப்படுகிறது. அதன் படச்சுருள் ஒரு முழங்கூட இன்று இல்லை. 1931 அக்குதோபர் 31-இல் சென்னையில் வெளிவந்த 'காளிதாசு' தமிழின் முதற் பேசும்படம். அதுவும் இல்லை. அதன் தலைவியாக நடித்த தி. பி. இராசலட்சுமி பின்னர்த் தாமே படம் இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநர் ஆனார். அவர் இயக்கிய 'மிசு கமலா'வும் இல்லை. தென்னாட்டுப் பேசாப் படங்களுள் முழுமையாகக் கிடைப்பது, நாகர்கோயில் சுந்தரராசு எடுத்து 1933-இல் வெளியான 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே என்பர்.

அந்நாளைய படச்சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. வெப்பத்தில் கெட்டு உதிர்ந்தவை பல. சுருளிற் பூசிய வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே விற்கப்பட்டவையும் உள. காப்பாற்றி வைத்தவற்றுக்கும் முழுக் காவல் இல்லை என்பதனை, 2003 சனவரியில் பூனாவில் பழைய சுருள்கள் இருந்த கிடங்கில் பற்றிய தீ காட்டிற்று. இத்தனைக்கும் பின் அப்படங்களைப் பற்றி இன்று அறியக் கிடப்பவை யாவை? அன்றைய நாளிதழ்களில் வந்த விளம்பரங்களும், சில திறனாய்வுகளும், கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் பொத்தகங்களுமே. அவற்றை ஆயிரக்கணக்கானோர் பார்த்தனர். பார்த்தவருள் பத்துப் பேர், "இன்ன நாள் இன்ன கொட்டகையில் இப்படத்தைப் பார்த்தேன், இன்னவர் இப்படிப் பேசினார், கூட்டம் இவ்விடத்தில் அழுதது" என்று தத்தம் ஏட்டில் எழுதி வைத்துச் சென்றிருந்தால், சுருள் அழிந்தும் படம் அழியாதிருந்திருக்கும். அப்பத்துப் பேர் இல்லாமற் போனதே இழப்பு.

ஒருவர் மட்டும் அக்குறையை உணர்ந்தார். 'பிலிம் நியூசு' ஆனந்தன் என்று அறியப்பெற்றவர், வெளிவந்த தமிழ்ப் படம் ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆண்டு, நடித்தோர், எடுத்தோர், இயக்கியோர் என விளக்கங்களைத் திரட்டிப் பல பதின்மம் ஆண்டுகளாகத் தாமே எழுதி வந்தார். படங்களையும் விளம்பரத் தாள்களையும் பாட்டுப் பொத்தகங்களையும் சேர்த்தார். பல்கலைக்கழகமோ அரசோ அவரை அப்பணிக்கு அமர்த்தவில்லை. அவர் ஆர்வமே அவரை அமர்த்தியது. அத்தொகுப்பைப் பின்னர்த் தமிழ்நாட்டு அரசே பெற்றுக் கொண்டது. அவ்வுழைப்பு 2004-இல் பெருநூலாகவும் வெளிவந்தது. 2016-இல் அவர் மறைந்தார். தமிழ்த் திரை வரலாறு என்று இன்று எவர் எழுதினும் அவருடைய பட்டியலின் மேல் நின்றே எழுதுகிறார். ஒரு தனியாளின் கைக்கு இத்துணை ஆற்றல் உண்டெனில், ஊர்தோறும் பதின்மர் எழுதத் தொடங்கினால் என்னென்ன விளையாது?

அவரைப் போல் அனைத்தையும் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தாம் பார்த்ததை எழுதினால் போதும். அதற்கு வேண்டுவது கோடிட்ட சுவடி ஒன்று. பார்த்த நாள், படத்தின் பெயர், அது வெளிவந்த ஆண்டு, மொழி, பார்த்த இடம், உடன் பார்த்தவர், கதையும் உரையாடலும் எழுதியவர், இயக்கியவர் என்று கட்டம் கட்டிக் கொள்க. இறுதிக் கட்டத்தை அகலமாக விடுக. அதில் இரண்டு வரி எழுதுக. படத்தின் கதையை எழுத வேண்டா. கதை எங்கும் கிடைக்கும். படம் தன்னை என்ன செய்தது என்பதை எழுதுக. பாதியில் எழுந்து வந்ததையும் மறைக்காமல் எழுதி, எழுந்ததற்குக் கரணியமும் குறிக்க. திரையின் முன் இருந்து கொண்டே எழுத வேண்டா. அது பார்ப்பதையும் கெடுக்கும், எழுதுவதையும் கெடுக்கும். இரவு உறங்கி எழுந்தபின் எது நினைவில் நிற்கிறதோ அதுவே எழுதத் தக்கது.

எழுதியவர் பெயருக்குத் தனிக் கட்டம் கேட்பதில் பொருள் உண்டு. 1952-இல் 'பராசக்தி' வந்தபோது, அதில் முதன்முதலாகத் தோன்றிய கணேசனை நாடு அறிந்தது போலவே, உரையாடல் எழுதிய கருணாநிதியையும் நாடு அறிந்திருந்தது. அதற்கு மூன்றாண்டு முன்பு 'வேலைக்காரி' அண்ணாவின் கதை என்பதற்காகவே பார்க்கப்பட்டது. தமிழுக்காக மக்கள் கொட்டகைக்குச் சென்ற காலம் அது. இன்று படம் பார்த்து வெளிவருபவரிடம் உரையாடல் எவருடையது என்று கேட்டால், விடை சொல்வோர் அரியர். எழுத்தாளன் பெயரைக் கேட்பாரற்ற இடத்தில் எழுத்தும் கேட்பாரற்றுப் போகும்.

இன்னும் ஒரு கட்டம் கட்டுக: அப்படத்தில் புதிதாய்க் கேட்ட நல்ல தமிழ்ச்சொல். ஆண்டு முடிவில் அக்கட்டம் நிறைந்திருந்தால் மகிழ்க. வெற்றாய்க் கிடந்தால் அவ்வெறுமையே பேசும். எந்தப் பழிப்புரையும் அதைப் போலப் பேசாது.

படப் பெயர்களின் கதை இதனை விளக்கும். 2006 சூலையில் கலைஞர் அரசு, தமிழில் பெயர் சூட்டும் படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளித்தது. உடனே பெயர்கள் மாறின. 'எம்டன் மகன்' என்றிருந்தது 'எம் மகன்' ஆயிற்று. ஆங்கிலத் தொடரை முன்னே சுமந்த ஒன்று அதனை உதறிவிட்டு 'உனக்கும் எனக்கும்' என்று நின்றது. மற்றொன்று வடவெழுத்தை உதறிச் 'சில்லுனு ஒரு காதல்' என்று வந்தது. பாராட்டத் தக்கதே. ஆனால் 2011-இல் அவ்விலக்கின் கட்டளைகள் மாறின. 2017-இல் நாடு முழுமைக்குமான சரக்கு வரி வந்தபின் பழைய வரி முறையே மாறிற்று. ஆங்கிலப் பெயர்கள் மீண்டும் சுவரொட்டிகளில் ஏறின. வரிக்காக வந்த தமிழ் வரியோடு போகும். பார்ப்பவன் கேட்டு வாங்கும் தமிழே நிலைக்கும். கேட்டு வாங்க வேண்டுமெனில், பெற்றது எது, பெறாதது எது என்னும் கணக்கு அவன் கையில் இருத்தல் வேண்டும்.

ஈண்டு உரைக்கத் தயங்கும் செய்தி ஒன்றையும் உரைத்தாக வேண்டும். மாலையில் மேடையேறித் திரைப்படத்தைத் தமிழின் பகையென்று முழங்கிவிட்டு, இரவில் கதவடைத்து அதே திரையின் முன் அமர்வோர் தமிழன்பரிடையேயும் இல்லாமல் இல்லை. அவர்தாம் முதலில் இவ்வேட்டை எடுக்க வேண்டியவர். தமிழ்ப் படத்தை எழுதி, ஆங்கிலப் படத்தையும் இந்திப் படத்தையும் எழுதாமல் விடுவது கணக்காகாது. நாணத் தக்க படத்தைப் பார்த்திருப்பின் அதனையும் எழுதுக. பிறமொழிப் படம் சிறந்ததாக இருப்பின், சிறந்தது என்றே எழுதுக; தமிழில் அத்தகையது வராதது ஏன் என்று அடுத்த வரியில் எழுதுக. தனக்குத்தானே பொய்க்கணக்கு எழுதுபவன் ஊர்க்கணக்கைத் திருத்தப் புறப்படுதல் வீண். இவ்வேடு பிறரைப் பழிக்கும் கருவியன்று. எழுதுபவனையே நிறுத்தும் அளவுகோல்.

இதிலும் ஒரு பழுது நுழையக் கூடும். எண்ணிக்கை வெறி அது. நூறு பார்த்தேன், இருநூறு பார்த்தேன் என்று தோள்தட்டுவதற்காகவே பார்க்கத் தொடங்கினால், ஏடு எழுதியும் பயனில்லை. உண்ட இலைகளை எண்ணிப் பெருமை பேசுபவன் விருந்தின் சுவையை அறியான். ஆண்டு முடிவில், 'இன்னொரு முறை பார்க்கத் தக்கவை' என்று எத்தனை தேறின என்பதே கேள்வி. 52-இல் ஐந்து தேறினால், வரும் ஆண்டில் எதனைத் தேடுவது, எதனைத் தவிர்ப்பது என்னும் தெளிவு பிறக்கும். அத்தெளிவே இவ்வேட்டின் ஊதியம்.

மற்றொரு பழுது, ஏட்டைப் பிறர் கையில் விடுவது. கைப்பேசியிலேயே இக்கணக்கை எழுதித் தர இன்று அயல்நாட்டு நிறுவனங்கள் உள. எளிமைதான். ஆனால் அந்நிறுவனம் கடையைக் கட்டிய நாளில் அக்கணக்கும் போகும். தன் கையால், தன் மொழியில், தன் வீட்டுத் தாளில் எழுதியது பெட்டிக்குள் கிடந்தாலும் பேரனுக்குக் கிடைக்கும்.

எழுத இயலாத முதியோரிடம் இளைஞர் கேட்டு எழுதுதல் வேண்டும். கீற்றுக் கொட்டகையில் மணலைக் குவித்து மேடாக்கி அமர்ந்து பார்த்தவர், படம் தொடங்குமுன் ஒலித்த பாட்டைக் கேட்டே வீட்டிலிருந்து ஓடியவர், இன்னும் சிலர் உளர். அக்கொட்டகைகள் பல இன்று கிடங்குகளாகவும் மண்டபங்களாகவும் மாறிவிட்டன. அவற்றில் எந்தப் படத்தை எவரோடு பார்த்தார் என்பதைப் பாட்டியிடம் ஒரு மாலை அமர்ந்து கேட்டு எழுதினால், ஓர் ஊரின் வரலாற்றில் ஒரு பக்கம் மீளும். அப்பாட்டி போய்விட்டால் அப்பக்கம் என்றும் மீளாது.

கூத்துக் காண வந்த கூட்டம் கூத்து முடிந்ததும் கலைந்து போவதையே, செல்வம் நீங்குவதற்கு உவமையாகக் காட்டினார் வள்ளுவர். கூட்டம் கலையும், விளக்கு அணையும், சுருள் அழியும். எழுதியது நிற்கும். வரும் தை முதல் நாளில் ஒவ்வொரு தமிழன்பர் இல்லத்திலும் மொய்யேட்டுக்குப் பக்கத்தில் இன்னோர் ஏடு வைக்கப்படுக. அதன் முதற் பக்கத்தில் அவ்வாண்டின் முதற் படம் எழுதப்படுக. ஆண்டு நிறைவில் குடும்பத்தார் சூழ்ந்திருக்க அது உரக்கப் படிக்கப்படுக. இவ்வில்லத்துள் ஓராண்டில் என்னென்ன புகுந்தன என்பதை அன்று எல்லாரும் அறிவர்; இனி எவை புகலாம் என்பதையும் அன்றே அவர்கள் முடிவு செய்வர்.