பவளத் தொட்டியில் நன்னீர் மிகும்போது

பவளத் தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. 300 லிட்டர் தண்ணீர் ஓடும் ஓர் அமைப்பு நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டரை இப்படிக் காற்றுக்குக் கொடுத்துவிடும். சூட்டைத் தணிக்க மேலே விசிறி ஓடினால் இழப்பு இன்னும் கூடும். பவளங்களுக்கு உகந்த கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு இருக்கிறது. தொட்டி வளர்ப்போர் அதை 35 பிபிடி என்பார்கள். ஐந்து நாள் யாரும் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் அது 37-ஐ நெருங்கிவிடும். ஆவியானதை அவ்வப்போது ஈடுகட்டுவதற்காகப் பொருத்தப்படும் கருவிதான் ஏ.டி.ஓ. ஓர் உணரி, ஒரு சிறிய பம்பு, உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் நிரம்பிய ஒரு கேன், இவ்வளவுதான் அதன் உறுப்புகள். மட்டம் இறங்கினால் பம்பு ஓடும், ஏறியதும் நிற்கும்.

உணரியை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் கோளாறுகளில் பாதி புரிந்துவிடும். மேலே இருக்கும் தொட்டியில் வழிவாய் இருப்பதால் அதன் மட்டம் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும். மேல்தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் வந்து சேரும் கீழ்த்தொட்டியான சம்பின் முன் அறைகளிலும் தடுப்புக் கண்ணாடிகள் மட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆவியான தண்ணீரின் கணக்கு முழுவதும் தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பு நிற்கும் கடைசி அறையில்தான் தெரியும். அந்த அறை 30 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்டதென்றால், 3 லிட்டர் இழப்பு அங்கே 3.3 செ.மீ. இறக்கமாகும். உணரி அங்கே வைக்கப்படுவது அதனால்தான். ஆனால் அந்த அறையின் மட்டத்தைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. எந்தக் காரணத்தால் மட்டம் இறங்கினாலும் அதை ஆவியானதாகவே எடுத்துக்கொண்டு நன்னீரை ஊற்றும்.

மிகையாக ஊற்றுவதற்கு முதற்காரணம் உணரியின் அழுக்கு. ஃப்ளோட் ஸ்விட்சில் காந்தம் பொதிந்த மிதவை ஒன்று தண்டின் மேல் ஏறி இறங்குகிறது. தண்டில் உப்புப் பொருக்கு படிந்தாலும், பாசி பிடித்தாலும், நத்தை ஒன்று ஏறி உட்கார்ந்தாலும் மிதவை கீழேயே சிக்கிக்கொள்ளும். நத்தை என்றால் மிகைப்படுத்தல் போலத் தோன்றலாம். கண்ணாடியைச் சுத்தம் செய்ய விடப்படும் நத்தைகள் சம்புக்குள் இறங்கி இப்படிச் செய்வது அடிக்கடி நடப்பதுதான். அசையும் உறுப்பு இல்லாத ஒளி உணரிகளும் தப்புவதில்லை. நுண்குமிழிகளும், முனையில் படரும் வழுக்கும் அவற்றை ஏமாற்றிவிடும். உணரி சரியாக இருந்தும் உள்ளே இருக்கும் ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் பம்பு நிற்கவே நிற்காது.

பம்பு நின்ற பிறகும் தண்ணீர் ஓடுவது இன்னொரு வகை. கேனிலுள்ள நீர்மட்டம் குழாய் முனையைவிட உயரத்தில் இருந்தால், பம்பு ஒருமுறை தொடங்கிவைத்த ஓட்டம் சைஃபனாக மாறிக் கேன் காலியாகும்வரை தொடரும். ஒருவழி வால்வு பொருத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தண்ணீர் திரும்பி வருவதைத் தடுக்குமே தவிர, முன்னோக்கி ஓடும் சைஃபனைத் தடுக்காது. குழாய் முனை கேனின் நீர்மட்டத்துக்கு மேலே, காற்றில் தொங்க வேண்டும்.

இவையெல்லாம் கண்ணில் படும் கோளாறுகள். தரை நனையாமல், சம்பு வழியாமல், ஏ.டி.ஓ. தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே உவர்ப்பு குறைந்துகொண்டு போவதுதான் கூடுதல் ஆபத்து. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் ஓரிரவு பொங்கி, கழிவு வாளிக்குள் 10 லிட்டர் உப்புத் தண்ணீரைத் தள்ளிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைசி அறையில் மட்டம் இறங்கும். அந்த 10 லிட்டருக்கு ஈடாக ஏ.டி.ஓ. நன்னீரை ஊற்றும். போனது 350 கிராம் உப்பு; வந்தது உப்பே இல்லாத நீர். 35 பிபிடி 33.8 ஆகிவிடும், மட்டமோ எப்போதும்போல் இருக்கும். சம்பின் மூட்டில் மெல்லிய கசிவு இருந்தாலும் இதே கதைதான். மேல்தொட்டியின் வழிவாயில் பாசி அடைத்துக்கொள்வது இன்னொரு சூழ்நிலை. மேலே தண்ணீர் தேங்கும், கீழே அறை வற்றும், ஏ.டி.ஓ. ஓடும். அடைப்பு விலகும்போது தேங்கியது மொத்தமும் சம்புக்குள் வந்து இறங்கும்.

கோளாறைக் கண்டவுடன் செய்ய வேண்டியது ஏ.டி.ஓ.வின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் குழாயையும் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுவது. குழாயை விட்டுவிட்டால் சைஃபன் தொடரக்கூடும். தரையில் தண்ணீர் பரவி மின் இணைப்புகள் நனைந்திருந்தால், ஈரத்தில் கால் வைப்பதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைப்பது எல்லாவற்றுக்கும் முந்தியது. அந்த அபாயம் இல்லையென்றால் ரிட்டர்ன் பம்பும் அலைப் பம்புகளும் ஓடட்டும். மட்டம் ஏறிய சம்பில் பொங்கி வழியும் ஸ்கிம்மரை மட்டும் நிறுத்தி வைக்கலாம். தண்ணீர் நன்கு கலந்த பிறகு உவர்ப்பை அளக்க வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் சுழியத்துக்குச் சரிசெய்வது போதாது. 35 பிபிடி அளவுத் திரவத்தால் சரிபார்த்த பிறகு வரும் எண்ணையே நம்பலாம்.

பதற்றத்தில் உப்புப் பொட்டலத்தைப் பிரித்து நேரே தொட்டிக்குள் கொட்டுவதுதான் இந்த நேரத்தில் நேரும் பெரிய தவறு. கரையாத உப்பு பவளத்தின் தசைமேல் விழுந்தால் அந்த இடம் வெந்துபோகும். முதல் அதிர்ச்சியை ஒருவாறு தாங்கிய உயிர்கள் இரண்டாவது அதிர்ச்சியில்தான் விழுகின்றன.

பவளம், நத்தை, நட்சத்திர மீன், கடல் முள்ளெலி ஆகியவற்றுக்கு உடலின் உப்பளவைத் தனியே காத்துக்கொள்ளும் வழி கிடையாது. சுற்றியுள்ள நீர் எப்படியோ உள்ளேயும் அப்படியே. நீரின் உவர்ப்பு சட்டென்று குறைந்தால் தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. பவளங்கள் பாலிப்புகளை உள்ளிழுத்துக்கொண்டு கோழையைச் சுரக்கும். தாக்கம் கடுமையானால் தமக்குள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். செங்கடலின் வடபகுதியில் 40 பிபிடிக்கு மேலும் பவளங்கள் செழித்து வாழ்கின்றன; எனவே அளவைவிட மாற்றத்தின் வேகமே அவற்றை அதிகம் வதைக்கிறது. இயற்கையிலும் உவர்ப்பு இப்படிச் சட்டென்று குறைவதுண்டு. 1991 தொடக்கத்தில் ஜாய் புயலைத் தொடர்ந்து ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் ஆற்று வெள்ளம் கடலில் பரவியபோது, கெப்பல் தீவுகளைச் சுற்றி ஆழங்குறைந்த திட்டுகளில் பவளங்கள் பெருமளவில் மடிந்தன.

மீன்களின் நிலை வேறு. அவை கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுபவை. வெண்புள்ளி நோய்க்குச் சிகிச்சையாக மீன்களைத் தனித் தொட்டியில் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.009 வரை தாழ்த்தி வைக்கும் முறையே உண்டு. அவற்றுக்குக் குறைவதைவிட, குறைந்தது விரைவாக ஏறுவதுதான் கொடுமை. பவளம், மீன் இரண்டையும் கருதி, ஒப்படர்த்தியை நாளொன்றுக்கு 0.001 அளவுக்கு மேல் ஏற்றாமல் இருப்பது பாதுகாப்பானது. உப்புக் கணக்கில் அது ஏறக்குறைய 1.3 பிபிடி.

திருத்தும் வழி, உப்பு வெளியே போனதா இல்லையா என்பதைப் பொறுத்தது. 20 லிட்டர் நன்னீர் மிகையாகச் சேர்ந்து, எதுவும் வழியவில்லை என்றால், 300 லிட்டர் 320 ஆகியிருக்கும், உவர்ப்பு 32.8 பிபிடி. உப்பு முழுவதும் உள்ளேதான் இருக்கிறது. ஏ.டி.ஓ.வை அணைத்தே வைத்தால் நாளுக்கு 3 லிட்டர் வீதம் ஏழு நாளில் மிகை நீர் தானே ஆவியாகி, பழைய அளவு திரும்பிவிடும். இவ்வளவு மென்மையான திருத்தத்தைக் கையால் செய்வது கடினம். தண்ணீர் தரையில் வழிந்து உப்பும் போயிருந்தால், ஆவியாகும் 3 லிட்டருக்கு ஈடாக நன்னீருக்குப் பதில் 35 பிபிடி உப்புத் தண்ணீரை ஊற்றிவர வேண்டும். நாளொன்றுக்கு 105 கிராம் உப்பு சேரும், உவர்ப்பு 0.35 பிபிடி ஏறும், 32.8-இலிருந்து 35-க்கு ஆறேழு நாள். உவர்ப்பு 30-க்கும் கீழே போயிருந்தால் முதல் நாளிலேயே ஒரு பகுதி நீரை மாற்றி ஓரளவு தூக்கிவிட்டு, மீதியை இந்த வழியில் தொடரலாம். இந்த நாட்களில் கால்சியத்தையும் காரத்தன்மையையும் அளந்து பார்த்து மருந்து ஊற்றக் கூடாது. 420 பிபிஎம் இருந்த கால்சியம் 394 ஆகவும், 8 டிகேஎச் இருந்த காரத்தன்மை 7.5 ஆகவும் தெரிவது நீர்த்துப்போனதன் விளைவு. உவர்ப்பு மீளும்போது அவையும் மீளும்.

கேனில் சுண்ணாம்பு நீரைக் கலந்து வைத்திருப்பவர்களுக்கு இதே விபத்து வேறு விதமாக வருகிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரின் பிஎச் 12-க்கு மேல். அது 20 லிட்டர் ஒரே மூச்சில் இறங்கினால் காரத்தன்மை 7 டிகேஎச் வரை எகிறக்கூடும். பிஎச் ஏறி, கால்சியம் கார்பனேட் வெண்பனிபோல் படியத் தொடங்கும். அப்போது உவர்ப்பைவிட பிஎச்சைக் கவனிப்பதே அவசரம். சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தந்து, வெள்ளை வினிகரையோ வெறும் சோடா நீரையோ சிறுகச் சிறுக, அளந்து பார்த்தபடியே சேர்த்து இறக்குவார்கள். சுண்ணாம்பு நீரை ஏ.டி.ஓ.விடம் ஒப்படைக்காமல், நேரம் குறித்து அளவாகச் சொட்டும் டோசிங் பம்பிடம் கொடுப்பதே முறை.

ஊற்றாமல் விடும் கோளாறு அவ்வளவு கொடியதல்ல. கேன் வற்றியிருக்கும், பம்பு எரிந்திருக்கும், அல்லது மிதவை மேலேயே சிக்கியிருக்கும். ரிட்டர்ன் பம்பு காற்றை இழுத்துத் தொட்டி முழுவதும் நுண்குமிழி பரப்பும் சத்தமே எச்சரிக்கையாகிவிடும். அந்த அறையில் ஹீட்டர் இருந்தால் அது தண்ணீருக்கு வெளியே தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். காற்றில் காய்ந்த கண்ணாடி ஹீட்டரின் மேல் தண்ணீர் பட்டால் வெடித்துவிடலாம். பிறகு நன்னீரை ஒரேயடியாக ஊற்றாமல், பகலில் பல தடவையாகப் பிரித்து ஊற்ற வேண்டும்.

இரண்டு உணரிகள் வைப்பது நல்லது. ஒன்று வேலைக்கு, மற்றது அதற்குச் சற்று உயரத்தில், மட்டம் மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்க. வழக்கமாக அரை நிமிடம் ஓடும் பம்பு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடினால் நிறுத்திவிடும் நேரக்கட்டுப்பாடும் வேண்டும். ஆனால் இவை எல்லாமே மின்கருவிகள். ஒரு நாள் தவறக்கூடியவை. தவறாத பாதுகாப்பு கேனின் அளவுதான். கேன் முழுவதும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தாலும் உவர்ப்பு எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பின் காலியிடம், மின்தடையின்போது மேலிருந்து இறங்கும் தண்ணீரையும் கேனின் முழுத் தண்ணீரையும் சேர்த்துத் தாங்க வேண்டும். அடிக்கடி நிரப்பும் சிரமத்தைத் தவிர்க்க ஏ.டி.ஓ.வை ஆர்.ஓ. இயந்திரத்தின் குழாயோடு நேரடியாக இணைப்பவர்கள் அந்த எல்லையையே அழித்துவிடுகிறார்கள். அந்த இணைப்பை ஒருபோதும் பரிந்துரைக்க முடியாது.

கேனின் பக்கத்தில் லிட்டர் கோடுகள் போட்டுத் தினமும் ஒரு பார்வை பார்ப்பது எந்த அலாரத்துக்கும் குறைந்ததல்ல. 3 லிட்டர் குடிக்கும் தொட்டி திடீரென 6 லிட்டர் குடித்தால் எங்கோ கசிகிறது, அல்லது ஸ்கிம்மர் பொங்குகிறது. மாதம் ஒருமுறை மிதவையைக் கையால் தூக்கிப் பம்பு நிற்கிறதா என்று சோதித்து, உணரியை வினிகரில் ஊறவைத்துக் கழுவலாம். வெளியூர் போகும்போது கேனைத் தேவையான அளவுக்கு மட்டும் நிரப்பி, ஏ.டி.ஓ. பிளக்கில் சிவப்பு நாடா ஒட்டி, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்ல வேண்டியவை இரண்டு: தரையில் தண்ணீர் தெரிந்தால் மெயினை அணைத்த பிறகு இந்தப் பிளக்கைப் பிடுங்க வேண்டும், அதன் குழாயையும் வெளியே எடுத்துப் போட வேண்டும்.