தகட்டின் திறனும் கூரையின் அளவும்

சூரிய மின்தகடுகளில் எது சிறந்தது என்று உத்திரமேரூர் வட்டாரச் சங்கங்களின் அங்கத்தினர்கள் நம்மைக் கேட்டவண்ணம் இருக்கின்றனர். கேட்போரில் பலர் விற்பனையாளர் கொடுத்த வண்ணத் தாளையும் கையோடு கொணர்கின்றனர். அதில் நூற்றுக்கு 21, நூற்றுக்கு 22 என்று திறன் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஓர் எண்ணை மட்டும் கண்டு கடன் மனு எழுதுவது தகாது என்பது நமது கருத்து.

திறன் என்பது, தகட்டின்மீது விழும் வெயிலில் எவ்வளவு பங்கு மின்சாரமாகிறது என்னும் கணக்கு. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் செய்து காட்டிய சிலிக்கன் மின்கலம் நூற்றுக்கு 6 பங்கையே மாற்றிற்று. இன்று மோனோ எனப்படும் ஒற்றைப்படிகத் தகடு 20 முதல் 22 வரையிலும், பாலி எனப்படும் பல்படிகத் தகடு 15 முதல் 17 வரையிலும் தருகின்றன. ஆனால் 5 கிலோவாட் என்று குறித்த மோனோத் தகடுகளும் அதே அளவு குறித்த பாலித் தகடுகளும் ஒரே வெயிலில் ஏறக்குறைய ஒரே மின்சாரத்தைத்தான் ஈனும். வேறுபடுவது அவை அடைத்துக்கொள்ளும் இடமே. நூற்றுக்கு 21 திறனுள்ளது சுமார் 256 சதுர அடியும், நூற்றுக்கு 16 திறனுள்ளது சுமார் 336 சதுர அடியும் கேட்கும். இந்த 80 சதுர அடி, கிணற்று மேட்டில் தரிசு வைத்திருக்கும் உழவருக்கு ஒரு பொருட்டன்று. ஓட்டு வீட்டின் பின்கட்டில் மட்டும் தளம் போட்டிருக்கும் நெசவாளிக்கோ அது பெரிது. சந்தைக்குப் புதிதாக வருவன இப்பொழுது பெரும்பாலும் மோனோவே. ஆதலின் மலிவென்று சொல்லிப் பழைய இருப்பைத் தள்ளிவிட முனைவோரிடம் விழிப்பாயிருத்தல் நலம்.

தகட்டின் வாட் கணக்கு 25 டிகிரிச் சூட்டில் வைத்து அளந்தது. சித்திரை வெயிலில் நமது கூரைமேல் தகடு 65 டிகிரியைத் தொடுவது அரிதன்று. சிலிக்கன் தகடு டிகிரி ஒன்றுக்கு நூற்றுக்கு 0.35 அளவில் இழக்குமானால், 500 வாட் தகடு 430 வாட்டே தரும். கூரைக்கும் தகட்டுக்கும் இடையே காற்றுப் புக இடம் விட்டால் இவ்விழப்பு குறையும். தென்னை ஓலையின் நிழல் ஒரு தகட்டின்மேல் விழுந்தாலும் தொடராக இணைத்த வரிசை முழுவதும் தளரக்கூடும் என்பதையும் விற்பனைத் தாள் சொல்வதில்லை.

பட்டு நூலைப் பசை நீக்கவும் சாயமேற்றவும் கொதிநிலைக்கு அணுக்கமான வெந்நீர் வேண்டும். இதற்கு மின்தகடு போட்டு மின்சாரத்தால் நீர் காய்ச்சுவது வீண் சுற்று. தட்டைப் பலகை வகைச் சூரிய வெந்நீர்க் கருவி, நீரை 60 டிகிரி வரை காய்ச்சுங்கால், வெயிலில் ஏறக்குறையப் பாதியை நேரே வெப்பமாக்கிவிடும். நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 5 யூனிட் வெயில் கிடைக்கும் நம் நாட்டில், 2 சதுர மீட்டர் பலகை 100 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றப் போதுமானது. அதற்குமேல் 95 வரை விறகு எரித்தாலும், விறகுச் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் குழாய்களில் படிந்து அடைக்கும் என்பது ஒன்றே இதற்குக் குறை; ஆண்டுதோறும் கழுவ ஆள் வேண்டும். வெயிலைக் குவித்து நீராவி எழுப்பும் முறையும் உண்டு. ஆரோவில் சூரியச் சமையற்கூடத்தின்மேல் உள்ள 15 மீட்டர் விட்டமுடைய கிண்ணம் அத்தகையது. எனினும் குவிக்கும் கருவிக்கு மேகம் மறைக்காத நேர்வெயில் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் அது சோர்ந்துவிடும். சிறு சாயப்பட்டறைக்கு அது ஏற்றதன்று.

இறைப்பான் செய்தி வேறு. 2019-இல் தொடங்கிய பிரதமர் குசும் திட்டத்தின்கீழ் மானியத்தில் சூரிய இறைப்பான்கள் வருகின்றன. மின் இணைப்புக்குக் காத்திருக்கும் உழவருக்கு இது பெருந்துணை. ஆனால் ஏரியில் நீர் உள்ள மாதங்களில் அந்தத் தகடுகள் வெயிலில் வெறிதே கிடக்கின்றன. 16-க்கும் 22-க்கும் உள்ள வேற்றுமையைப் பேசுவோர், ஆண்டில் பல மாதம் ஒரு யூனிட்டும் பயன்படாத தகட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதே தகடுகளைக் கொண்டு தீவனம் நறுக்கும் எந்திரத்தையும் மாவரைக்கும் எந்திரத்தையும் ஓட்டவல்ல பொதுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் கிடைக்கின்றன. பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டளவில், ஏரி வாரியத்துக்குக் குடவோலையால் ஆள் தெரிந்து கல்லில் பொறித்த ஊர் இது. ஒரு நறுக்கு எந்திரத்தை நான்கு வீட்டார் முறைவைத்து ஓட்டுதல் இயலாது என்றால் நமக்கு ஏற்க மனம் வரவில்லை.

சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் விலைப்புள்ளி கேட்கும்பொழுது, வாட் ஒன்றுக்கு ரூபாய் எத்தனை என்றே எழுதித் தரும்படி வற்புறுத்துக. சூடு ஏறினால் இழப்பு எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் எந்த ஊரிலிருந்து ஆள் வருவார் என்பவற்றையும் அதே தாளில் கேட்டுப் பெறுக. சாயப்பட்டறை உள்ள சங்கங்கள் முதலில் வெந்நீர்ப் பலகைக்கே தொகை ஒதுக்குதல் வேண்டும். மின்தகட்டை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.